பக்கத்து சீட்டுக் கண்ணாடி

காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். என் வீட்டில் நான் முடிவு செய்வது வழக்கமில்லை. முடிவானதை எனக்குத் தெரிவிப்பார்கள். ஆனால் இந்தத் தடவை நானே, தனியாக, யாரையும் கேட்காமல் முடிவு செய்தேன். அந்தப் பெருமையில் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

நான் பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவன். காருக்கு மேல் கட்டில், கட்டிலுக்கு மேல் நாற்காலி என்று கோபுரம் கட்டிக்கொண்டு போவேன். போன வாரம் சிக்னலில் ஒரு நாற்காலி கழன்று, பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் முன்னால் நாலு காலில் நச்சென்று நின்றது. அவர் உட்கார்ந்து இளைப்பாறாததுதான் பாக்கி. அன்றைக்கே ஒரு வேனைப் பார்த்தேன். பேசினேன். கத்தினேன். விலையை இறக்கினேன். முன்பணமும் கொடுத்தேன். காரை விற்று மிச்சத்தைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வேன் வேறொருவருக்கு, முன்பணம் காற்றுக்கு.

என் பேரத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. மற்றவர்கள் சொல்லமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தை நான் அதிகம் தொந்தரவு செய்ததில்லை. எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம் ஏமாற்றியவர்கள்தான். ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு பாடம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கொள்கையாக்கிக்கொண்டேன்: கையில் பிடிக்க முடியாத எதற்கும் காசு கொடுப்பதில்லை. பலகைக்குக் கொடுப்பேன், ஆணிக்குக் கொடுப்பேன். யோசனைக்குக் கொடுக்கமாட்டேன்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிறவள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயில் ஊசி இருக்கும்போது பேசுவதுதான் எனக்குப் பாதுகாப்பு.

"காரை விக்கப் போறேன்."

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். எனக்குள் இறங்குவது போலிருந்தது.

"எதுக்கு?"

"வேன் வாங்க."

"வேன்ல நான் எங்க உட்காருவேன்?"

"பின்னால. பீரோவைப் பிடிச்சுக்கிட்டு."

"என்னங்க, விளையாடாதீங்க. வேன் வாங்குங்க, வேணாம்னு சொல்லல. காரை எனக்கு விட்ருங்க. லைசென்ஸ் எடுத்து வச்சிருக்கேன்ல? திரைத்துணியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போறேன். கண்டக்டர் துணி உருளைக்கும் டிக்கெட் கேக்கறார்."

"கொடுக்காத. பேரம் பேசு."

"ஒரு நாளாவது ஸ்டியரிங்கைத் தொட விட்டிருக்கீங்களா?"

"ஸ்டியரிங் என்ன தையல் மெஷினா, நினைச்சப்ப உட்கார்ந்து மிதிக்க?"

"தையல் மெஷின்ல கவனம் தப்பினா விரல்ல ஊசி ஏறும். உங்க கார்ல கவனம் தப்பினா மத்தவங்க மேல நாற்காலி விழும். எது கஷ்டம்?"

"முடிவு பண்ணியாச்சு! நாளைக்கு மருந்துக்கடைக்காரர் பார்க்க வரார்!"

கத்தினேன். நான் கத்தினால் அடுத்த வீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும். அவள் மட்டும் அசையவில்லை.

"சரிங்க. உங்க இஷ்டம்."

கல்யாணமாகி இத்தனை வருடமான எவனும் 'உங்க இஷ்டம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியிருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டேன். கொடுத்தாள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை, நான் சொல்லாமலே துணியை எடுத்துக்கொண்டு போய்க் காரைத் துடைத்தாள். சீட்டைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத இடத்தையெல்லாம் துடைத்தாள். எனக்கு மனசு இளகிவிட்டது. என்ன இருந்தாலும் புருஷன் பேச்சைக் கேட்கிறவள் என்று வாசலில் நின்று பெருமூச்சு விட்டேன்.

மருந்துக்கடைக்காரர் மனைவியோடு வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். நல்ல சக்கரம், உதையை வாங்கிக்கொண்டது. கதவைச் சாத்திப் பார்த்தார். ஹாரனை அடித்தார். முகத்தில் திருப்தி தெரிந்தது. நான் மனசுக்குள் விலையை ஏற்றிக்கொண்டேன். அவர் மனைவி முன்பக்கம், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கதவிலிருந்த ஸ்விட்சை அமுக்கினார். கண்ணாடி இறங்கவில்லை.

மறுபடி அமுக்கினார். நான் டிரைவர் பக்கத்திலிருந்து அமுக்கினேன். மற்ற மூன்று கண்ணாடிகளும் சொன்னபடி கேட்டன. அது மட்டும் பரீட்சைக்குப் படிக்காதவன் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

"நேத்து வரைக்கும் வேலை செஞ்சுது சார்!"

"விக்கறவங்க எல்லாரும் அதான் சொல்வாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரு கண்ணாடிதானே! மூடித்தானே இருக்கு! மழைச் சாரல் அடிக்காது, தூசி வராது. இதுக்கே தனியா காசு கேக்கலாம் சார் நான்!"

அவர் மனைவி கேட்டார்: "டிரைவர் சீட்டுக் கண்ணாடி இறங்கலைன்னா இதே மாதிரி சொல்வீங்களா?"

என் மனைவி டீத் தட்டோடு வந்தவள், "அதானே" என்றாள்.

முறைத்தேன். தட்டை நீட்டினாள். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று எத்தனையோ கடைகளில் சொன்னவன் நான். போனவன் வரமாட்டான்.

கார் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். கழுத்தில் எப்போதும் கரண்ட் பார்க்கிற மீட்டரைத் தொங்கவிட்டிருப்பதால் அவன் பெயரே 'மீட்டர்' ஆகிவிட்டது. வந்தான். ஸ்டியரிங்குக்கு அடியில் கோளாறு சொல்கிற கட்டைவிரல் அளவு பெட்டியைச் செருகி, அது என்ன சொல்கிறது என்று போனில் பார்த்தான். டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"மோட்டாரோட தொடர்பு இல்லைன்னு காட்டுது."

"என்னடா தொடர்பு? அதுக்கும் எனக்கும் என்ன தொடர்பு?"

"அண்ணே, அந்தக் காலத்து வண்டியில ஸ்விட்சை அமுக்கினா கரண்ட் நேரா மோட்டாருக்குப் போகும். சுத்தும். இதுல அப்படி இல்ல. ஸ்விட்ச் சேதி அனுப்பும். மோட்டாருக்குள்ள சின்னதா ஒரு மூளை இருக்கு. அது சேதியைக் கேட்டு, சரின்னு பதில் சொல்லி, அப்புறம்தான் கண்ணாடியை இறக்கும். இப்ப ஸ்விட்ச் கூப்பிடுது. மோட்டார் பதிலே சொல்லல."

"ஏன்?"

"கரண்ட் போகாம இருக்கலாம். சேதி போற ஒயர் கதவு மடங்கற இடத்துல அறுந்திருக்கலாம். மோட்டார் மூளையே போயிருக்கலாம். எதுன்னு பார்க்கணும்."

"பாரு."

"பார்க்கறதுக்குக் கூலி உண்டு."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆவேசம்!

"பார்க்கறதுக்குக் காசா? எதைப் பார்க்க? நீ பார்த்துட்டு ஒண்ணுமே மாத்தலைன்னா?"

"அப்பவும் பார்த்ததுக்குக் கூலி."

"நான் ஒரு பீரோவைப் பார்க்கறதுக்கு யார்கிட்டயாவது காசு கேட்டிருக்கேனா? சும்மா பார்க்கறேன், சும்மா தட்டறேன், சும்மா திட்டறேன். எல்லாம் இலவசம்! உனக்குக் கண்ணுல என்ன வைரமா பதிச்சிருக்கு?"

"சரிண்ணே. அப்ப நீங்களே பாருங்க." பெட்டியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். போகும்போது மனைவியைப் பார்த்து, "வரேங்க்கா" என்றான். அவள் சிரித்தாள். இந்தச் சிரிப்பை நான் விசாரித்திருக்க வேண்டும்.

மோட்டார் பதில் சொல்லவில்லை என்றால் மோட்டாரில்தான் கோளாறு. கூப்பிட்டவன் மேல் என்ன தப்பு? இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதற்கு? நேரே பழைய வண்டி உடைக்கிற கடைக்குப் போனேன். அவன் ஒரு விலை சொன்னான். நான் சிரித்தேன். அவன் கொஞ்சம் இறங்கினான். நான் அழுகிற மாதிரி முகத்தை வைத்தேன். இன்னும் இறங்கினான். வாசல் வரை நடந்தேன். கூப்பிட்டான். கால்வாசி விலைக்கு ஒரு மோட்டாரை அள்ளிக்கொண்டு, உலகத்தை ஏமாற்றிவிட்ட நிறைவோடு வீடு வந்தேன்.

கதவின் உள்பலகையைக் கழற்றினேன். கழற்றினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பிய்த்தேன். பிளாஸ்டிக் கிளிப்புகள் படபடவென்று நாலா பக்கமும் தெறித்தன. ஒன்று என் நெற்றியில் பட்டது. மனைவி போன் விளக்கைக் கதவுக்குள் காட்டியபடி குனிந்து நின்றாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லாத."

"முதல்ல அதுக்குக் கரண்ட் வருதான்னு பார்க்க வேண்டாமா?"

திருகுளியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"உனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. என் மெஷின் ஓடலைன்னா நான் முதல்ல பிளக்கைத்தான் பார்ப்பேன். அதான் கேட்டேன்."

"உன் மெஷினும் இதுவும் ஒண்ணா? இதுக்கு மூளை இருக்குடி! மூளை!"

"ஆமாங்க. இதுக்காவது இருக்கட்டும்" என்று விளக்கைச் சரியாகப் பிடித்தாள்.

வாங்கி வந்த மோட்டாரைப் பூட்டினேன். ஸ்விட்சை அமுக்கினேன். மௌனம். தட்டினேன். மௌனம். கதவோடு வாயை வைத்து, என் பாட்டனாரையும் அதன் பாட்டனாரையும் சேர்த்து நாலு வார்த்தை பேசினேன். அப்போதும் மௌனம். வேறு வண்டியின் மோட்டாரைத் தலையில் கட்டிவிட்டான் என்று பட்டது. திரும்பப் போனேன். என் வாசலைத் தாண்டினால் என் பொருள் இல்லை என்றான் கடைக்காரன். இந்த வசனம் என்னுடையது! நான் என் கடையில் தினமும் சொல்கிறது! அதைத் திருடியே என்னைத் துரத்தினான்.

கோபத்தில் அந்த மோட்டாரைப் பிடுங்கி மூலையில் வீசிவிட்டு, பழையதையே திரும்பப் பூட்டினேன். நான் வாங்கியதைவிட நல்லதாகத் தெரிந்தது. உள்பலகையைக் கையால் குத்தி உட்கார வைத்தேன். பாதி கிளிப் கிடைக்கவில்லை. கதவு லேசாகப் பல் இளித்தது.

அதற்குள் வேன்காரன் போன் செய்தான். நாளை மதியத்துக்குள் பணம் வராவிட்டால், இன்னொருவர் கையில் ரொக்கத்தோடு நிற்கிறார். இன்னொருவர் என்று ஒருவர் கிடையாது. அது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால், கிடைத்தாலும் கிடைத்துவிடுவாரே! தெரிந்த இரண்டு பேருக்குக் காரைப் பற்றிச் சொன்னேன். இருவரும் வாய்திறந்ததும், "அந்தக் கண்ணாடி இறங்காத காரா?" என்றார்கள். மருந்துக்கடைக்காரர் மாத்திரையோடு இதையும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் அளவு நாடா.

"என்ன விலைக்குத் தர்றீங்க?"

"எதை?"

"காரை."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரை தைத்துச் சேர்த்த பணம் வங்கியில் இருப்பது எனக்குத் தெரியும். எவ்வளவு என்று தெரியாது. கேட்டபோதெல்லாம் "இருக்குங்க" என்று மட்டும் சொல்வாள். என் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. ஓட்டைக் காரை இவள் தலையில் கட்டினால் என்ன? பணத்துக்குப் பணம். வேனுக்கு வேன். ஊரில் எவனும் வாங்காததைப் பெண்டாட்டிக்கு விற்றவன் என்று என்னை நானே மனசுக்குள் தோளில் தட்டிக்கொண்டேன்.

மருந்துக்கடைக்காரருக்குச் சொன்ன விலையைச் சொன்னேன்.

"அதுல பாதி."

"பாதியா! வாயா அது? இன்ஜின் மட்டுமே அவ்வளவு போகும்டி!"

"இன்ஜின் ஓடுதுங்க. கண்ணாடி ஓடலயே. புழுக்கத்துல எப்படி உட்கார்றது?"

"நீதான் டிரைவர் சீட்ல உட்காரப் போறயே!"

"பக்கத்துல வர்றவங்களுக்குச் சொல்றேன். கதவு வேற இளிச்சுக்கிட்டு நிக்குது. யாரு கழட்டினது?"

"கொஞ்சம் ஏத்திக் கேளு. வீட்டு ஆளுன்னு சொல்றேன்."

"வீட்டு ஆளுன்னுதான் பாதி. வெளியாளா இருந்தா இன்னும் இறக்கியிருப்பேன்."

அவள் எழுந்தாள். "அடுப்பில பால் வச்சிருக்கேன்" என்று நடந்தாள். அந்த எழுந்து போகிற வித்தையில் நான் மன்னன்! பேரம் முற்றும்போது முதுகைக் காட்ட வேண்டும். எதிராளி பயந்து கூப்பிடுவான். எத்தனை பேரை அப்படிக் கவிழ்த்திருக்கிறேன்! அதே முதுகு இப்போது எனக்கெதிரே சமையலறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கூப்பிடக்கூடாது. கூப்பிடவே கூடாது. பல்லைக் கடித்தேன்.

"இந்தா! இங்க வா!"

வந்தாள். அடுப்பில் பாலே இல்லை என்பதைப் பிறகு பார்த்தேன்.

பாதிக்கு முடிந்தது. ஆனால் நான் ஏமாறுகிறவனா? அவள் இரண்டு நாள் கழித்து, கண்ணாடி இறங்கவில்லை, பணத்தைக் கொடு என்று வந்து நின்றால்? முன்ஜாக்கிரதையாகச் சொன்னேன்.

"இப்ப எப்படி இருக்கோ அப்படியே வாங்கற. பின்னால கோளாறு இருக்குன்னு திருப்பித் தரக்கூடாது. பேச்சு பேச்சா இருக்கணும்."

"நீங்களும் திருப்பிக் கேட்கக்கூடாது."

"நானா? அதைத் திருப்பிக் கேட்க எனக்கென்ன பைத்தியமா?"

"சரி. அப்ப பெயர் மாத்தற பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பெரிதாக, கீழே ஒரு கோடும் இழுத்துப் போட்டேன். பணம் என் கணக்குக்கு வந்தது. கையிருப்பைச் சுரண்டிச் சேர்த்தால் வேனுக்குச் சரியாக இருந்தது. அன்று ராத்திரி குறட்டை விட்டேன் என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னார்.

காலையில் வேனை எடுக்கப் புறப்பட்டேன். மனைவி காருக்குள் இருந்தாள். மடியில் அவள் ஊசிப்பெட்டி. பொத்தான்களுக்கும் கொக்கிகளுக்கும் நடுவிலிருந்து விரல் நகம் அளவு, கலர் பிளாஸ்டிக்கில் இரண்டு காலோடு ஏதோ ஒன்றை எடுத்தாள். ஸ்டியரிங்குக்கு அடியில், சின்ன மூடியைத் திறந்து, டக்கென்று செருகினாள்.

பிறகு ஸ்விட்சை அமுக்கினாள். பக்கத்து சீட்டுக் கண்ணாடி வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஏறியது. மறுபடி இறங்கியது.

காருக்குள் தலையை நீட்டினேன்.

"என்... என்னது அது?"

"ஃபியூஸ்ங்க. அந்த மோட்டாருக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு. உருவிட்டா அதுக்குக் கரண்ட் போகாது. அப்புறம் எங்கிருந்து பதில் சொல்லும், பாவம்."

"நீயா உருவின? மோசடி! பச்சை மோசடி! பேரம் செல்லாது!"

"கோளாறோடதானே வாங்கினேன்? கரண்ட் வருதான்னு பாருங்கன்னு விளக்கைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேனே. நீங்கதான் மூளையைப் பத்திப் பேசினீங்க."

"உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது? மீட்டரா?"

"அவன் எதுக்கு? நீங்க கடை கடையா ஏறி மணிக்கணக்கா விலை பேசுவீங்க. இப்ப வரேன்னு என்னை வண்டியில உட்கார வச்சுட்டுப் போவீங்க. வருஷக்கணக்கா உட்கார்ந்திருக்கேன். டாஷ்போர்டுல படிக்கறதுக்கு இருந்தது இந்தக் காரோட புத்தகம் ஒண்ணுதான். நாலு தடவை முடிச்சுட்டேன். ஸ்டெப்னி மாத்தற பாகம் நல்லா எழுதியிருக்கான்."

பேரம் பேசிச் சம்பாதித்ததாக நான் நினைத்த அத்தனை மணி நேரமும், வெளியே வெயிலில் இவள் எனக்கெதிராகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வாங்க. வேன்காரன் காத்திருப்பான். வழியில இறக்கி விடறேன். எனக்கும் திரை கொடுக்கப் போகணும்" என்றாள்.

பின்சீட்டில் துணி உருளைகள் நீட்டிப் படுத்திருந்தன. பழக்கத்தில் டிரைவர் கதவுக்குப் போனேன். அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். நான் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில், இளித்த கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சொல்ல வயிறெரிகிறது, நன்றாகவே ஓட்டினாள். ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

கடைத்தெரு திரும்பியதும் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் தேக்குப் பீரோவை இறக்கி வைத்திருந்தார்கள். விற்கத்தான்! என்ன செதுக்கல், என்ன பளபளப்பு! வீட்டுக்காரன் முகத்திலேயே விவரம் தெரியாதவன் என்று எழுதி ஒட்டியிருந்தது. தலையை வெளியே நீட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும். ஸ்விட்சை அமுக்கினேன். கண்ணாடி இறங்கவில்லை. இன்னொரு தடவை அமுக்கினேன். கார் பீரோவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொங்கி வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! "பார்த்தியா? போச்சா! மறுபடி மோட்டார் போச்சு! பாதி விலை கொடுத்து ஓட்டை வண்டியைத்தான் வாங்கியிருக்க!" என்று தொடையில் தட்டிக் கத்தினேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மோட்டார் நல்லா இருக்குங்க. நீங்க தலையை நீட்டி ஆரம்பிச்சா எனக்கு நேரமாகும்னு, என் பக்கத்துல இருக்கற பட்டனை அமுக்கி நான்தான் கண்ணாடியைப் பூட்டி வச்சிருக்கேன்."